சிங்கத்தின் பிடரியில் நான்கு வண்ணம்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கண்மாய் நிறைந்தாலே ஊர்ப்பேச்சாகிவிடும்; அவ்வளவு வறண்ட பூமி. இங்கே மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன்தான் சிறுவர்களுக்காகப் ‘படிக்கத் தெரிந்த சிங்கம்’ எழுதியவர். மேற்கே சிவகாசியில் 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கொண்டுவந்தது. ஒரு புத்தகத்தைக் கைமாற்றிப் படித்தே சிநேகிதரானவர்கள் எத்தனையோ பேர். அவர்களை இழுத்த படங்கள் தாளில் ஏறுவது எப்படி?

வண்ணப்படம் உள்ள சிறுவர் புத்தகம் ஒன்றை எடுத்து, சிங்கத்தின் பிடரிமேல் பூதக்கண்ணாடியை வையுங்கள். பழுப்பு நிறம் மறைந்துபோகும். மஞ்சள் புள்ளிகள், இடையிடையே மெஜந்தா, கொஞ்சம் சயான், நிழல் விழும் இடத்தில் கறுப்பு. அவ்வளவுதான். பழுப்பாகக் கலந்து காட்டுவது நம் கண்.

இந்த நான்குக்கும் ஆளுக்கொரு அலுமினிய பிளேட். அதில் மேடு பள்ளம் கிடையாது. படம் உள்ள இடம் எண்ணெய் மையைப் பிடிக்கும். மற்ற இடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மையை ஒட்டவிடாது. ஜெர்மனியில் செனஃபெல்டர் என்பவர் 1796-ல் கல்லில் கண்ட வித்தை இது. ஆஃப்செட் இயந்திரத்தில் பிளேட் தாளைத் தொடுவதே இல்லை. பிளாங்கெட் என்ற ரப்பர் விரிப்பு படத்தை வாங்கித் தாளில் பதிக்கிறது. ரப்பர் நெகிழ்ந்து கொடுப்பதால் சொரசொரப்பான தாளிலும் புள்ளி சுத்தமாக விழும்.

நான்கு நிறமும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். மயிரிழை பிசகினாலும் அச்சகத்தில் ‘ரெஜிஸ்டர் விலகிருச்சு’ என்பார்கள். சிங்கத்தின் கண்ணோரம் சிவப்பு பிதுங்கி நிற்கும். காற்றில் ஈரம் ஏறினால் தாள் நீளும், மையும் காயத் தாமதமாகும். அதனால்தான் வானம் பார்த்த இந்தப் பூமியின் உலர்ந்த காற்று, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் கைகொடுத்ததுபோல அச்சுக்கும் கைகொடுத்தது. தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கத் தொடங்கிய சிவகாசி, காலண்டருக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் பேர்போனது.

வண்ணப் புத்தகம் விலை கூடுதல் என்று பெற்றோர் தயங்குகிறார்கள். பிளேட் செலவும் இயந்திரத்தைச் சரிப்படுத்தும் செலவும் 500 பிரதி அடித்தாலும் 5,000 அடித்தாலும் ஒன்றுதான். பிரதி கூடக்கூட ஒரு புத்தகத்தின் அடக்கவிலை இறங்கும். ஆகவே பள்ளிக்கூடங்களும் ஊர் நூலகங்களும் சேர்ந்து வாங்கினால் விலை தானே குறையும். பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் பரிசு வேண்டாம். ஆளுக்கொரு படக்கதைப் புத்தகம் கொடுங்கள்.