மனிதரைச் சம்பாதித்த வியாபாரி

வியாபாரத்துக்கு முதல் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது பணம்தான். வங்கியில் கடன், மொத்த வியாபாரியிடம் தவணை, சொந்தக்காரரிடம் கைமாற்று என்று அதன் பின்னால் ஓடுகிறோம். பெரிய பணம் கையில் இல்லாமல், பழகிய மனிதர்களையே முதலாக வைத்து, லாபம் வராது என்று தெரிந்த ஒரு பொருளை நாற்பது வருடங்களுக்கு மேலாக விற்ற ஒருவர் எங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார். அவர்தான் டொமினிக் ஜீவா. பெரிய எழுத்தாளர் என்று அவரைப் பலரும் எழுதிவிட்டார்கள். ஒரு கடைக்காரன் பார்வையில் அவரைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

1927ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். முடிதிருத்தும் தொழில் செய்த குடும்பம். பள்ளிக்கூடத்தில் சாதியைச் சொல்லி ஆசிரியர் ஒருவர் அவமானப்படுத்தியதால் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டார். பிறகு கத்தரிக்கோலும் சீப்பும்தான் வாழ்க்கை. கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூன் என்பது அவர் தொழில் செய்த இடம். அந்த வருமானத்தில்தான் மனைவி பிள்ளைகளைக் காப்பாற்றினார். தமிழ்நாட்டுப் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் மேல் வைத்த பற்றினால் தன் பெயரோடு ஜீவா என்பதைச் சேர்த்துக்கொண்டார்.

சலூன் என்பது என்ன மாதிரியான இடம் என்று வியாபாரிகளுக்குத் தெரியும். கதிரையில் உட்கார்ந்தவன் அரை மணி நேரமாவது எழும்ப மாட்டான். கதைத்துக்கொண்டே இருப்பான். வக்கீலும் வருவார், வண்டிக்காரரும் வருவார். ஜீவா அந்த நேரத்தை வீணாக்கவில்லை. வந்தவர்களிடம் கேட்டார், வாசித்தார், எழுதினார். அவருடைய ‘தண்ணீரும் கண்ணீரும்’ சிறுகதைத் தொகுதிக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. ஐந்தாம் வகுப்போடு துரத்தப்பட்ட பையனுக்குக் கிடைத்த பரிசு அது.

1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’ என்ற மாதச் சஞ்சிகையைத் தொடங்கினார். தொடங்கிய இடமும் அந்தச் சலூன்தான். இலக்கியச் சஞ்சிகை என்றால் நம் நாட்டில் நாலு இதழோடு மூடுவதுதான் வழக்கம். காகித விலை, அச்சுக்கூலி, திரும்பி வராத விற்பனைப் பணம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஆளை விழுத்திவிடும். மல்லிகை விழவில்லை. ஏன் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

முதலாவது காரணம், வாங்குகிறவன் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மல்லிகைக் கட்டு. இந்தக் கோலத்தில் தெருத்தெருவாக நடந்து, ஆளை ஆள் கண்டு விற்றார். எண்பதுகளில் நான் பொடியனாக வாப்பாவின் இரும்புக்கடையில் நின்றபோது அந்த நடையைப் பார்த்திருக்கிறேன். வாப்பா அதிகம் வாசிக்கிறவர் இல்லை. இருந்தும் ஒரு பிரதி வாங்கி மேசையில் வைப்பார். "அந்த மனிசன் வந்து கேட்டால் இல்லை எண்டு சொல்ல மனம் வராது" என்பார். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஜீவா விற்ற உடனே போய்விட மாட்டார், நின்று சுகம் விசாரித்துவிட்டுத்தான் போவார். விற்பனையைவிட அந்த விசாரிப்புத்தான் வாப்பாவைப் பிடித்து வைத்திருந்தது.

இரண்டாவது, தன்னை மட்டும் முன்னுக்கு வைக்கவில்லை. மல்லிகையின் அட்டையில் மற்ற எழுத்தாளர்களின், கலைஞர்களின் படங்களைப் போட்டுக் கௌரவித்தார். சாதி, மதம், ஊர் பார்க்கவில்லை. தென்மாகாணத்துத் திக்குவல்லை கமால் மல்லிகையில் எழுதி வளர்ந்தவர்களில் ஒருவர். மேமன் சமூகத்தைச் சேர்ந்த கவிஞர் மேமன்கவி அவருக்குப் பக்கத்துணையாக நின்றார். சிங்கள எழுத்தாளர்களின் கதைகளையும் தமிழில் போட்டார். ஒருவனை நீ மதித்தால் அவன் உன் பொருளை ஊரெல்லாம் கொண்டு போவான். எந்த விளம்பரத்துக்கும் இந்த வலு இல்லை.

மூன்றாவது, தொழிலை மறைக்கவில்லை. கொஞ்சம் பெயர் வந்ததும் பழைய தொழிலைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களை நம் பஜாரிலும் காண்கிறோம். ஜீவா தான் சவரத் தொழிலாளி என்பதை மேடையிலும் சொன்னார், புத்தகத்திலும் எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கௌரவ முதுமாணிப் பட்டம் கொடுக்க முன்வந்தபோது அது தனக்குத் தகுந்த மரியாதை இல்லை என்று வேண்டாம் என்றார். தன் பெறுமதி தெரிந்தவர் விலையைக் குறைத்து விற்கமாட்டார்.

இனி நம்முடைய கதையும் இதில் சேர்கிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டோம். கடையும் சரக்கும் மட்டுமல்ல, கடன் கொப்பியும் அங்கேயே போனது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு ஒரு துண்டுக் கடுதாசியும் இல்லை. புத்தளத்தில் அகதியாக இருந்து, பிறகு கொழும்பில் சின்னதாக ஒரு கடை போட்டபோது எனக்குச் சரக்குக் கடன் தந்தவர்கள் வாப்பாவோடு பழகியவர்கள். அதில் தமிழரும் இருந்தார்கள். கொப்பி போனாலும் பழக்கம் போகவில்லை. வாப்பா நின்று சுகம் விசாரித்த ஆட்களின் பெறுமதி அன்றுதான் தெரிந்தது.

ஜீவாவையும் யுத்தம் விடவில்லை. பொருளாதாரத் தடை, காகிதத் தட்டுப்பாடு, மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணம். தொண்ணூறுகளில் அவரும் ஊரை விட்டுக் கொழும்புக்கு வந்தார். ஸ்ரீ கதிரேசன் வீதியில் இருந்து மல்லிகை மறுபடி வந்தது. எழுபது வயதை நெருங்கிய மனிதர் புது ஊரில் மறுபடி ஆட்களைத் தேடிப் போனார். ‘மல்லிகைப் பந்தல்’ என்று புத்தக வெளியீடும் நடத்தினார். 2001இல் பாராளுமன்றத்தில் மல்லிகையைப் பாராட்டிப் பேசியது ஹன்சார்டில் பதிவானது. ஏறக்குறைய 400 இதழ்கள் வந்தன. பெரிய நிறுவனம் ஒன்றும் பின்னால் இல்லாமல் இது நடந்தது.

2021 ஜனவரி 28ஆம் திகதி, தொண்ணூற்று மூன்றாவது வயதில் கொழும்பில் காலமானார். வாழ்நாளெல்லாம் ஆட்கள் நடுவில் இருந்தவர், கொரோனாவினால் நாலு பேர் ஒன்றாகக் கூட முடியாத நாட்களில் போனார். ஆனாலும் அவரைப் பற்றி எழுதாத தமிழ்ப் பத்திரிகை குறைவு.

இன்று நம் பிள்ளைகள் கையடக்கத் தொலைபேசியிலேயே விற்கிறார்கள், வாங்குகிறார்கள். அது நல்லதுதான், தடுக்க முடியாது. ஆனால் வாங்கியவனின் முகம் தெரியாமல், அவன் வீட்டில் சுகமா என்று ஒருநாளும் கேட்காமல் நடக்கிற வியாபாரம், ஒரு கஷ்ட காலம் வந்தால் நமக்காகப் பேசாது. கடையைப் பிள்ளையிடம் ஒப்படைக்கும்போது ஸ்டொக் கணக்கை மட்டும் கொடுக்காதீர்கள். பழைய வாடிக்கைக்காரர்களிடமும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போய், இவர் இன்னார் என்று சொல்லிக் கொடுங்கள்.