பீச்சில் நாயோடு வாக்கிங்: எப்போ போகலாம், கயிறு ஏன் கட்டாயம்?

விடிவதற்கு முன்பே சென்னை பெசன்ட் நகர் கடற்கரை விழித்துக்கொள்கிறது. நடப்பவர்கள், ஓடுபவர்களுக்கு நடுவே லாப்ரடார், பக், நம்ம ஊர் சிப்பிப்பாறை என விதவிதமான நாய்களும் வருகின்றன. பார்க்க அழகுதான். ஆனால், நாயைத் தெருவில் கூட்டிட்டுப் போவதும் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போவதும் ஒன்றல்ல.

'காத்து அடிக்குதே, அப்புறம் என்ன?'

நமக்கு உடல் முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில்தான் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கும்போது வாயிலுள்ள ஈரம் ஆவியாகிறது. அதில்தான் அதன் உடல் சூடு இறங்குகிறது. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகம். அதனால் ஈரம் ஆவியாவது குறைந்து, நமக்குச் சில்லென்று இருக்கும்போதே நாய்க்கு உள்ளே சூடேறலாம்.

எஜமானர் ஓடினால் நாயும் ஓடும். 'போதும்'னு அது சொல்லாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. விடாமல் மூச்சிரைப்பது, கெட்டியாக எச்சில் வடிவது, தள்ளாடுவது, வாந்தி எடுப்பது எல்லாம் எச்சரிக்கை அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி, விசிறிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும். பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களை ஓடவிடாமல் மெதுவாக நடத்திச் செல்வதே நல்லது.

மணலில் என்ன ஆபத்து?

புறங்கையை மணலில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. குடிக்க நல்ல தண்ணீர் கையோடு இருக்கட்டும். தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் வாந்தி, பேதி வரும். அதிகம் குடித்தால் உப்பே விஷமாகும். வலையில் சிக்கி மணலில் வீசப்படும் பேத்தை மீனை நாய் கடித்துவிட்டால், அதன் நஞ்சு உயிரையே பறிக்கலாம்.

அப்போ இருட்டின பிறகு போகலாமா?

இங்கேதான் சிக்கல். வெயில் இல்லாத அந்த நேரம்தான் ஆமைகளுக்கும் உகந்த நேரம். ஜனவரி முதல் மார்ச் வரை ஆலிவ் ரிட்லி எனும் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டிச் சுமார் 100 முட்டைகள் இடுகின்றன. சுமார் ஒன்றரை மாதத்துக்குப் பிறகு குஞ்சுகள் வெளியே வரும். மோப்பம் பிடித்த நாய்க்கு அந்தக் குழியைத் தோண்டச் சில நிமிடங்கள் போதும்.

நீலாங்கரையில் இருந்து பெசன்ட் நகர் வரை, மாணவர்கள் 1988-ல் தொடங்கிய கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் சீசனில் இரவுதோறும் நடந்து முட்டைகளைச் சேகரித்து, பொரிப்பகத்தில் பாதுகாக்கிறார்கள். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அட்டவணை 1-ல் உள்ள உயிரினம் இது. முட்டையையோ குஞ்சையோ பார்த்தால் தொடாமல், நாயைத் தள்ளிக் கூட்டிட்டுப் போய், வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

என்னதான் தீர்வு?

ஜனவரியில் தொடங்கி குஞ்சுகள் பொரிந்து முடியும் வரை, இரவு நடையைத் தவிர்த்துவிட்டு விடிந்ததும் போகலாம். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். கயிறு எப்போதும் கையில் இருக்கணும். பீச்சில் தெருநாய்களும் உண்டு என்பதால் ரேபிஸ் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது.

'நம்ம நாய் ஒண்ணும் பண்ணாது' என்பதுதான் கயிற்றை அவிழ்க்கும் எல்லோரும் சொல்வது. முட்டை வாசம் எங்கிருந்து வருகிறது என்பது நாய்க்குத்தான் முதலில் தெரியும். நமக்குத் தெரியும்போது குழி திறந்திருக்கும்.