மூன்று கடவுளா, ஒரே கடவுளா? நெற்றியில் தொடங்கும் ஒரு சின்ன ஜெபம்!

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பகுதி. லாரியைக் கிளப்பும் முன் நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என வரிசையாகத் தொட்டுக்கொள்வார் கத்தோலிக்க ஓட்டுநர். அஞ்சு செகண்டில் முடிந்துவிடும். ஆனால், கிறிஸ்தவத்தின் மிகக் கடினமான கோட்பாடு அந்த அஞ்சு செகண்டுக்குள்தான் இருக்கிறது. அதுதான் திரித்துவம்!

"உங்களுக்கு மொத்தம் மூணு சாமியா?" பக்கத்து வீட்டுக்காரர் இப்படிக் கேட்டால், பதில் சொல்லப் பல கிறிஸ்தவர்களே தடுமாறுவார்கள்.

பைபிள் என்ன சொல்கிறது?

'திரித்துவம்' என்ற சொல் பைபிளில் எங்கும் இல்லை. கருத்து இருக்கிறது. யோர்தான் ஆற்றில் இயேசு ஞானஸ்நானம் பெறும்போது வானிலிருந்து தந்தையின் குரல் கேட்கிறது. ஆவி புறாவைப்போல இறங்குகிறது. மத்தேயு நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், மூவரின் பெயரால் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்கிறார் இயேசு. அங்கே கிரேக்க மூலத்தில் இருப்பது 'பெயர்களால்' அல்ல, 'பெயரால்' என்ற ஒருமை. ஆள் மூவர், கடவுள் ஒருவர்!

இதைத் தெளிவுபடுத்த 325-ல் நிசேயாவிலும், 381-ல் கான்ஸ்டான்டிநோபிளிலும் ஆயர்கள் கூடினார்கள். மகனும் தந்தைக்கு இணையான கடவுளே என்றது முதல் சங்கம். ஆவியும் அவர்களோடு வணங்கப்படுபவர் என்றது இரண்டாவது.

ஐஸ், தண்ணீர், நீராவி உதாரணம் சரியா?

மறைக்கல்வி வகுப்புகளில் பிரபலமான உதாரணம் இது. ஆனால், இறையியலாளர்கள் இதை ஏற்பதில்லை. ஒரே தண்ணீர் மூன்று வேஷம் போடுவதுபோல ஆகிவிடும். யோர்தானில் மூவரும் ஒரே நேரத்தில் இருக்கிறார்களே! புனித அகுஸ்தினார் சொன்ன உவமை வேறு: அன்பு செய்பவர், அன்பு செய்யப்படுபவர், இருவருக்கும் நடுவில் இருக்கும் அன்பு.

தமிழ் செய்த மாயம்

பழைய கத்தோலிக்கத் தமிழில் மூன்றாமவர் 'இஸ்பிரீத்து சாந்து'. போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த சொல். பிறகு 'பரிசுத்த ஆவி' ஆனது, இன்று 'தூய ஆவி'. கத்தோலிக்கர்களின் 'சுதன்' இப்போது 'மகன்'. புராட்டஸ்டன்ட் சபைகளில் 'குமாரன்'.

இதில் ஒரு சிக்கல். தமிழில் 'ஆவி' அஃறிணை. இட்லிப் பானையில் வருவதும் ஆவி, பேய்க் கதையில் வருவதும் ஆவி! அதனால் 'ஆவியார்' என்றும் 'ஆவியானவர்' என்றும் மரியாதை சேர்த்தார்கள் தமிழ்க் கிறிஸ்தவர்கள். ஆவி வெறும் சக்தி அல்ல, ஓர் ஆள் என்ற பெரிய இறையியலை, ஒரு சின்ன விகுதி சொல்லிவிட்டது.

வீட்டுக்கு என்ன பாடம்?

இந்த மூவரில் பெரியவர், சிறியவர் கிடையாது. ஒருவர் இன்னொருவராக மாறுவதும் இல்லை. ஆனாலும் பிரியாத ஒற்றுமை. கடவுளே தனியாள் அல்ல, உறவு என்கிறது திரித்துவம். அப்படியென்றால் ஒருவர் குரல் மட்டுமே கேட்கும் வீடு, அந்தக் கடவுளின் சாயலில் இல்லை என்றுதானே அர்த்தம்?

இரவு ஜெபத்தில் பாட்டி 'பிதா, சுதன்' என்பார். பேத்தி 'தந்தை, மகன்' என்பாள். வார்த்தைகள்தான் வேறு. இருவர் கையும் முதலில் போவது அதே நெற்றிக்குத்தான்!