ஏழு நாள் கணக்கு எதிலிருந்து தொடங்குகிறது?

நாய்க்கடி பற்றி வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "கடித்து எட்டு நாளாகிவிட்டது. இனி இம்யூனோகுளோபுலின் போடக் கூடாதாமே?"

தடுப்பூசி தொடங்கி ஏழு நாள் தாண்டாவிட்டால் போடலாம். இதற்கான ஏழு நாள் கெடு முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து கணக்கு. கடித்த நாளிலிருந்து அல்ல. தடுப்பூசியே தொடங்காதவர் சில வாரம் கழித்து வந்தாலும் இரண்டையும் சேர்த்தே தொடங்க வேண்டும்.

தடுப்பூசி போட்டபின் உடல் தானே ஆன்டிபாடி தயாரிக்க ஏழு முதல் பதினான்கு நாள் பிடிக்கும். ரேபிஸ் வைரஸோ கடித்த இடத்துத் தசையில் பெருகி நரம்புக்குள் நுழையப் பார்க்கும். நுழைந்துவிட்டால் ரத்தத்தில் எவ்வளவு ஆன்டிபாடி ஓடினாலும் அதை எட்ட முடியாது. ஆகவே சண்டை காயத்திலேயே முடிய வேண்டும். குதிரையிடமோ மனிதரிடமோ எடுத்த ஆயத்த ஆன்டிபாடிதான் இம்யூனோகுளோபுலின். அது வைரஸின் மேற்புறப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு, நரம்பைப் பற்றவிடாமல் தடுக்கிறது. இடுப்பில் போட்டால் உடலெங்கும் பரவி நீர்த்துப்போய், காயத்துக்குக் கொஞ்சமே வந்து சேரும். வலித்தாலும் காயத்தைச் சுற்றியும் ஆழத்திலும் போடச் சொல்வது அதனால்தான்.

என்னை உறுத்துவது இதன் மறுபக்கம். காயத்தில் இருக்கும் உயிருள்ள வைரஸுக்கும் தடுப்பூசியில் இருக்கும் செயலிழந்த வைரஸுக்கும் ஆன்டிபாடி வித்தியாசம் பார்ப்பதில்லை. இரண்டிலும் ஒட்டிக்கொள்ளும். அளவுக்கு மீறிப் போட்டாலோ, ஏழு நாள் தாண்டிப் போட்டாலோ, உடல் சொந்தமாகத் தயாரிப்பதையே அது மட்டுப்படுத்திவிடும். உடல் எடையைப் பார்த்து அளவு கணக்கிடுவதும், தடுப்பூசி போடும் இடத்தில் இதைப் போடாததும் இதற்காகத்தான்.

இருந்தாலும் இரண்டும் சேர்ந்தே தேவை என்பதற்குச் சான்று உண்டு. 1954-ல் ஈரானில் வெறிபிடித்த ஓநாய் ஒன்று கிராம மக்களைக் கடித்துக் குதறியது. தலையில் கடிபட்டுத் தடுப்பூசி மட்டும் பெற்ற 5 பேரில் 3 பேர் இறந்தார்கள். ஆன்டிபாடி சீரமும் சேர்த்துப் பெற்ற 13 பேரில் இறந்தவர் ஒருவர். எழுபது ஆண்டுக்கு முன்பே தெரிந்த பாடம் இது. இன்றும் "போதிய தடுப்பூசி கையிருப்பில் உள்ளது" என்றே அறிக்கைகள் வருகின்றன. அது பாதி பதில். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடிக்கு இம்யூனோகுளோபுலின் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று அங்கேயே கேட்டு, அன்றே போய்விடுங்கள்.

மற்ற கேள்விகள்:

முன்பே முழுத் தவணை போட்டவருக்கு? இம்யூனோகுளோபுலின் வேண்டாம், தடுப்பூசி மட்டும் மறுபடியும் போட வேண்டும்.

கர்ப்பிணிகள்? இரண்டையும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம்.

டி.டி. ஊசி போதாதா? போதாது, அது டெட்டனஸுக்கு.

மஞ்சள், சுண்ணாம்பு தடவலாமா? கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள்.