தஞ்சைத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பாடமுறை

திண்ணைப் பள்ளிக்கூடம் என்பது அரசுப் பள்ளிகள் பரவுவதற்கு முன் தமிழகத்துச் சிற்றூர்களில் வழங்கிய தொடக்கக் கல்வி அமைப்பு ஆகும். ஆசிரியரின் வீட்டுத் திண்ணையிலோ ஊர்ப் பெரியவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையிலோ பாடம் நடந்ததால் இப்பெயர் பெற்றது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் உள்நாட்டுக் கல்வி நிலையைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். அதன்படி மாகாணத்தில் பள்ளிகளும் உயர்கல்வி இடங்களுமாக 12,498 இருந்தன. அவற்றுள் 884 பள்ளிகள் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தன.

அன்றாடப் பாடம்

பிள்ளைகள் விடியற்காலையிலேயே பள்ளிக்கு வந்தனர். பிந்தி வருபவர்களுக்குப் பிரம்படி உண்டு. முந்தைய நாள் பாடத்தை ஒப்பிப்பது முதல் வேலை. சட்டாம்பிள்ளை எனப்படும் மூத்த மாணவன் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மற்றவர்கள் உரத்த குரலில் திருப்பிச் சொல்வர். இதற்கு முறை சொல்லுதல் என்று பெயர்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினர். கை பழகிய பின் ஓலையும் எழுத்தாணியும் தரப்பட்டன. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகிய நூல்களும் சதகங்களும் மனப்பாடமாயின. மாலையில் வீடு திரும்பும்போது ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ, பறவை, ஊர் ஆகியவற்றின் பெயர்களைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் அதை மறவாமல் சொல்ல வேண்டும். ஓலைச்சுவடி எல்லோரிடமும் இல்லாத காலத்தில் நினைவாற்றலே மாணவனின் நூலகமாக இருந்தது.

விடுமுறை

திண்ணைப் பள்ளிக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. விடுமுறையைக் கிழமை முடிவு செய்யவில்லை. திதி முடிவு செய்தது. அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அஷ்டமி ஆகிய நாள்களில் பள்ளி நடைபெறாது. எனவே ஒரு வாரத்தின் பாட நாள்கள் அடுத்த வாரத்தைப் போல அமைவதில்லை. ஞாயிறு விடுமுறை ஆங்கிலேயர் காலப் பள்ளிகளோடு வந்த பழக்கம். நவராத்திரியின்போது மாணவர்கள் கோலாட்டம் ஆடிப் பாடி வீடு வீடாகச் சென்று ஆசிரியருக்குப் பணம் திரட்டித் தந்தனர். ஆசிரியரின் வருவாய் சிறு மாதச் சம்பளமும் பெற்றோர் அளந்த நெல்லுமாக இருந்தது.

வயலும் கணக்கும்

தஞ்சை வட்டாரப் பள்ளிகளின் கணக்குப் பாடம் நெல் வேளாண்மையோடு நெருங்கிய தொடர்புடையது. பொன்னிலக்கத்தில் எண்களும் பின்னங்களும் கற்பிக்கப்பட்டன. கால், அரைக்கால், மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்று ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப் பெயர் இருந்தது. அடுத்து வருவது நெல்லிலக்கம். இது முகத்தல் அளவைகளின் வாய்பாடு: 8 நாழி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். எண்சுவடி பெருக்கல் வாய்பாட்டையும், குழிமாற்று நிலப்பரப்பைக் கணக்கிடும் முறையையும் கற்பித்தன.

தஞ்சையில் 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். வேலியில் இருபதில் ஒரு பங்குக்கு மா என்று பெயர் இருப்பதும், இருபதில் ஒன்று என்ற பின்னத்துக்கும் அதே பெயர் இருப்பதும் கவனிக்கத்தக்கது. எடுத்துக்காட்டாக, 20 கோல் நீளமும் 15 கோல் அகலமும் உள்ள வயலின் பரப்பு 300 குழி, அதாவது 3 மா. மாவுக்கு 12 கலம் விளைந்தால் மொத்தம் 36 கலம், அதாவது 432 மரக்கால். இதைத் தாளின்றி மனத்திலேயே கணக்கிட மாணவனால் முடிந்தது. ஊர்க் கணக்குப்பிள்ளையின் வேலைக்கு இப்பயிற்சியே அடிப்படை.

கற்றவர், கல்லாதவர்

இக்கல்வி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பெண் பிள்ளைகள் மிகச் சிலரே படித்தனர். வயலில் உழைத்த ஒடுக்கப்பட்ட சாதிப் பண்ணையாட்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. களத்தில் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அளப்பவருக்கு நெல்லிலக்கம் தெரியும். பெறுபவருக்கு அதைக் கற்கும் வாய்ப்பே இல்லை. மரக்காலின் அளவையோ வாரப் பங்கையோ கேள்வி கேட்கத் தேவையான அறிவு, கேட்க வேண்டியவரிடம் சேரவில்லை. 1952-இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்பே பண்ணையாளின் கூலி சட்டத்தால் வரையறுக்கப்பட்டது.

தாக்கமும் மறைவும்

சென்னை ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், திண்ணைப் பள்ளிகளில் கண்ட மணல் எழுத்தைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து 1797-இல் இலண்டனில் அறிக்கையாக வெளியிட்டார். இது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது.

தமிழகத்திலோ, 1854-ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பின் அரசு மானியம் பெறும் பள்ளிகள் பெருகின. அச்சுப் புத்தகமும் பலகையும் ஓலையின் இடத்தைப் பிடித்தன. உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் இளமைக் காலத் திண்ணைக் கல்வியை ‘என் சரித்திரம்’ நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். புதிய பள்ளிகள் கல்வியின் வாயிலை மெல்ல மெல்ல அகலத் திறந்தன. அதே வேளையில் முந்திரி, மாகாணி போன்ற பின்னங்களும் அவற்றைக் கொண்ட மனக்கணக்கும் வழக்கிலிருந்து மறைந்தன. மா, வேலி ஆகிய சொற்கள் மட்டும் காவிரிப் படுகை உழவர்களின் பேச்சில் இன்றும் வழங்குகின்றன.