விடை சரி, வேகம்தான் போச்சு

கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது ஓர் ஊர் என்பதைப் பொறுத்து, அந்த ஊரின் வரைபடத்தைத் தேடும் வேகம் மாறலாம் என்றால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். ஆனால், பரவலாகப் புழங்கும் இரண்டு மென்பொருள்களின் அமைப்பிலேயே இதற்கு இடம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு சேர்ந்து இயங்கும் போஸ்ட்ஜிஸ் ஒன்று. கைபேசிகளுக்குள் சத்தமில்லாமல் குடியிருக்கும் எஸ்கியூலைட்டின் ஆர்-ட்ரீ இன்னொன்று. இரண்டும் தேடலின் முடிவில் சரியான விடையைத் தரக்கூடியவைதான். ஆனால், சில வகைத் தரவுகளில் அந்த விடைக்குக் காத்திருக்கும் நேரம் எகிறிவிடுகிறது. காரணம், தசமப் புள்ளிக்குப் பின்னால் ஐந்தாறு இடம் தள்ளி நடக்கும் ஒரு சின்ன ரவுண்டிங்.

எண்களுக்கு இடையே இருக்கும் இடைவெளி

கணினிகள் தசம எண்களை எப்படி எழுத வேண்டும் என்பதை 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரம் வகுத்தது. அதை உருவாக்கியதில் முக்கியப் பங்காற்றிய வில்லியம் கஹானுக்கு 1989இல் டூரிங் விருது கிடைத்தது. இந்தத் தரத்தில் அதிகம் புழங்கும் அளவுகள் இரண்டு. 32 பிட் கொண்டது ஃப்ளோட். 64 பிட் கொண்டது டபுள். ஃப்ளோட்டில் ஏறத்தாழ 7 இலக்கம் வரை துல்லியம் நிற்கும். டபுளில் 15 இலக்கம் தாண்டியும் நிற்கும்.

ஃப்ளோட் எண்கள் அளவுகோலின் கோடுகளைப் போலச் சீராக அமைந்தவை அல்ல. 8க்கும் 16க்கும் இடையில் 83,88,608 படிகள். 64க்கும் 128க்கும் இடையிலும் அதே 83,88,608 படிகள்தான். எண் பெரிதாகப் பெரிதாகப் படியும் அகலமாகிறது. படிக்கு நடுவில் விழும் எண்ணைக் கீழ்ப்படிக்கோ மேற்படிக்கோ நகர்த்தித்தான் எழுத முடியும்.

இதைச் சென்னைக்குப் பொருத்திப் பார்ப்போம். நகரின் தீர்க்கரேகை 80.27 டிகிரி. அந்த இடத்தில் ஒரு படியின் அகலம் 0.0000076 டிகிரி. தரையில் அளந்தால் கிழக்கு மேற்காக சுமார் 83 சென்டிமீட்டர். அட்சரேகை 13 டிகிரி என்பதால் வடக்கு தெற்காக 11 சென்டிமீட்டருக்கும் குறைவு. லண்டனில் கதை தலைகீழ். கிரீன்விச் கோட்டை ஒட்டிய இடங்களில் தீர்க்கரேகை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் கிழக்கு மேற்குப் படி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அட்சரேகை 51 டிகிரியைத் தாண்டுவதால் வடக்கு தெற்குப் படி மட்டும் 42 சென்டிமீட்டர். ஃபிஜித் தீவின் சுவாவுக்குப் போனால், 178 டிகிரியில், கிழக்கு மேற்குப் படி ஒன்றரை மீட்டருக்கு மேல்.

ஏன் வெளிப்பக்கமாக ரவுண்ட் செய்கிறார்கள்?

போஸ்ட்ஜிஸ் ஒரு கட்டடத்தின் முனைகளை டபுளாகத்தான் சேமிக்கிறது. அதில் குறையில்லை. ஃப்ளோட் நுழைவது, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸில். 1984இல் அன்டோனின் கட்மன் முன்வைத்த ஆர்-ட்ரீ என்ற முறைதான் இந்த இண்டெக்ஸ்களுக்கு அடிப்படை. ஒவ்வோர் உருவத்தையும் சுற்றி ஒரு செவ்வகம் போட வேண்டும். அதற்கு எல்லைப் பெட்டி என்று பெயர். பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளைச் சேர்த்து ஒரு பெரிய பெட்டி, அவற்றைச் சேர்த்து இன்னும் பெரிய பெட்டி என்று மரம்போல அடுக்கினால், தேடும்போது தேவையில்லாத கிளைகளை மொத்தமாக ஒதுக்கிவிடலாம்.

ஒரு பெட்டிக்கு நான்கு எண்கள் வேண்டும். டபுளில் எழுதினால் 32 பைட், ஃப்ளோட்டில் எழுதினால் 16 பைட். பெட்டி சிறுத்தால் டிஸ்க்கின் ஒரு பக்கத்தில் நிறையப் பெட்டிகள் அடங்கும். மரம் அடக்கமாக இருக்கும். நினைவகத்தில் பெரும்பகுதி தங்கும். வேகத்துக்காகத்தான் ஃப்ளோட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால், டபுளை ஃப்ளோட்டாகச் சுருக்கும்போது, அருகிலுள்ள படிக்கு நகர்த்துவது என்ற வழக்கமான ரவுண்டிங் ஆபத்தானது. பெட்டி ஒரு மயிரிழை சுருங்கினாலும் உருவத்தின் ஓரம் வெளியே நீட்டிக்கொள்ளும். தேடல் அந்த ஓரத்தில் விழுந்தால் இருக்கும் பொருளே இல்லை என்று பதில் வரும். அதனால் இரண்டு மென்பொருள்களும் கீழ் எல்லையைக் கீழ்ப்பக்கமாகவும், மேல் எல்லையை மேல்பக்கமாகவும் தள்ளுகின்றன. தையல்காரர் மடிப்புக்கென்று துணியைக் கூடுதலாக விட்டு வெட்டுவதைப் போல. மிஞ்சியதைப் பிறகு கழித்துக்கொள்ளலாம், குறைந்தால் ஒட்ட முடியாது. எந்தத் திசையில் ரவுண்ட் செய்வது என்பதைப் பயனரே தீர்மானிக்கும் வசதி 1985 தரத்திலேயே உண்டு. பிழையைத் தவிர்க்க முடியாவிட்டாலும் அது எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று தீர்மானிக்க முடியும் என்பதுதான் அந்த வசதியின் சாரம்.

இப்படிப் பெருத்த பெட்டிகள் தேவைக்கு அதிகமானவற்றைத் தேர்வுப் பட்டியலில் சேர்த்துவிடும். அதனால் இரண்டாவது கட்டமாக, அசல் டபுள் எண்களைக் கொண்டு ஒவ்வொன்றையும் சரிபார்த்து, பொருந்தாததைக் கழிக்க வேண்டும். விடை பிசகாமல் காப்பது இந்தச் சோதனைதான். நேரத்தைத் தின்பதும் இதுவே.

25 விடைக்கு 11,250 சோதனை

தெருக்கள், வார்டுகள், ஏரிகள் போன்றவற்றுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. நூறு மீட்டர் நீளத் தெருவின் பெட்டி ஒரு மீட்டர் பெருத்தால் யாருக்கும் தெரியாது. பொருள்கள் ஃப்ளோட் படியைவிடச் சிறியதாகவும் நெருக்கமாகவும் இருக்கும்போதுதான் சிக்கல். லேசர் ஸ்கேனர் அளந்த புள்ளிகள், கட்டடங்களின் உட்புற வரைபடங்கள், தொழிற்சாலைக் குழாய் வரைபடங்கள் எல்லாம் இந்த வகை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இணைய வரைபடங்களில் புழங்கும் வெப் மெர்கேட்டர் முறையில் தூரங்கள் மீட்டரில் எழுதப்படுகின்றன. சென்னையின் கிழக்கு மேற்கு எண் 89 லட்சத்தைத் தாண்டும். 83,88,608க்கு மேல் ஃப்ளோட்டின் படி சரியாக ஒரு மீட்டர். வடக்கு தெற்கு எண் சுமார் 14 லட்சத்து 69 ஆயிரம். அங்கே படி 12.5 சென்டிமீட்டர். இந்த அளவுகளில் 1 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் ஒரு தளத்தை ஸ்கேன் செய்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டருக்கு 12.5 சென்டிமீட்டர் கட்டத்துக்குள் ஏறத்தாழ 1,250 புள்ளிகள் விழும். அத்தனைக்கும் இண்டெக்ஸில் ஒரே பெட்டி!

இப்போது 5 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் இருக்கும் புள்ளிகளைக் கேட்கிறோம். உண்மையான விடை 25 புள்ளிகள்தான். போஸ்ட்ஜிஸில் கேட்ட சதுரமும் ரவுண்டிங்கில் பெருத்து முழுக் கட்டமாகிவிடும். ஒன்றையொன்று தொடும் பெட்டிகளும் வெட்டுபவையாகவே கணக்கில் வரும் என்பதால், சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களும் கூடச் சேர்ந்துகொள்ளும். ஆக 9 கட்டங்கள், 11,250 புள்ளிகள். அத்தனையையும் எடுத்து, ஒவ்வொன்றாகச் சோதித்து, 25ஐ வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தூக்கிப் போட வேண்டும். அச்சு அசல் ஒன்றாக இருக்கும் பெட்டிகளை மரத்தின் கிளைகளுக்கு எப்படிப் பிரித்துக் கொடுத்தாலும் தேடலுக்குப் பயன் இல்லை. புள்ளிகளுக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான முனைகள் கொண்ட பலகோணங்கள் என்றால் ஒவ்வொரு சோதனைக்கும் ஆகும் செலவு இன்னும் கூடும்.

அதே நான்கு பைட்

அப்படியானால் 32 பிட் போதாதா? போதும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தின் டேட்டாபேஸ், அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ஒரு கோடியால் பெருக்கி 32 பிட் முழு எண்ணாக வைக்கிறது. 180 டிகிரி 180 கோடி ஆகும். 32 பிட் முழு எண்ணின் உச்சம் 214 கோடியைத் தாண்டும் என்பதால் அடங்கிவிடுகிறது. இதில் படியின் அளவு அதிகபட்சம் 1.1 சென்டிமீட்டர். சென்னையானாலும் சுவாவானாலும் டிகிரியில் அதே படிதான். ஃப்ளோட் தன் பிட்களில் எட்டை, எண் எவ்வளவு பெரியது என்று குறிப்பதற்கே ஒதுக்கிவிடுகிறது. அணுவின் எடையையும் அண்டத்தின் தூரத்தையும் ஒரே வடிவத்தில் எழுத அந்த எட்டு பிட் தேவை. பூமியின் மேல் ஓர் இடத்தைச் சொல்ல அவ்வளவு வீச்சு வேண்டியதில்லை. எஸ்கியூலைட்டின் ஆர்-ட்ரீயிலும் முழு எண் வகை ஒன்று தனியாக உண்டு. லேசர் ஸ்கேன் தரவுகளுக்கான லாஸ் கோப்பு வடிவமும் 32 பிட் முழு எண்களைத்தான் பயன்படுத்துகிறது. ஒரு தொடக்கப் புள்ளியையும் பெருக்கும் அளவையும் கோப்பின் தலையில் எழுதிவைத்துக்கொள்கிறது.

ஃப்ளோட் இண்டெக்ஸை விட முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. அளக்கும் வளாகத்தின் ஒரு மூலையைப் பூஜ்யமாக வைத்து, எல்லா எண்களிலிருந்தும் அதைக் கழித்துவிட்டால் போதும். ஒரு கிலோமீட்டர் அகல வளாகத்தில் எந்த எண்ணும் 1,024ஐத் தாண்டாது; அங்கே ஃப்ளோட்டின் படி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. மேலே பார்த்த 1,250 புள்ளிகளுக்கும் தனித்தனிப் பெட்டி கிடைத்துவிடும். மென்பொருளில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

தேடல் மந்தமானால் மெமரியைக் கூட்டுவதும் சர்வரை மாற்றுவதும்தான் பலருக்கும் முதலில் தோன்றும். அதற்கு முன்னால் போஸ்ட்கிரெஸில் எக்ஸ்பிளைன் அனலைஸ் கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். எத்தனை வரிசைகள் விடையாக நின்றன, எத்தனை வடிகட்டலில் கழிந்தன என்று அது தனித்தனியாகக் காட்டும். நின்றது 25, கழிந்தது பதினோராயிரம் என்று வந்தால், சர்வர் விலைப்பட்டியலை மூடிவைத்துவிட்டு, எண்களின் தொடக்கப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.