அலியும் மார்சியானோவும் மோதினால் ஜெயிப்பது யார்?



பிராட்மேன் பெரிய ஆளா, சச்சின் பெரிய ஆளா என்று நம்ம பள்ளி வராந்தாவில் நடக்காத பட்டிமன்றமா? குத்துச்சண்டை ரசிகர்களுக்குள்ளும் இதே சண்டைதான். அதிலும் ஹெவிவெயிட் பிரிவு என்றால் கேட்கவே வேண்டாம். கிரிக்கெட்டிலாவது சராசரி என்று ஒரு எண்ணைக் காட்டி வாயை அடைக்கலாம். குத்துச்சண்டையில் ஒரே ஒரு குத்து எல்லாக் கணக்கையும் அழித்துவிடும்.

இந்தக் கற்பனைச் சண்டையை ஒருமுறை நிஜமாகவே நடத்திப் பார்த்தார்கள், தெரியுமா?

1967-ல் அமெரிக்காவில் மர்ரி வொரோனர் என்பவர் பழைய, புதிய சாம்பியன்கள் 16 பேரின் விவரங்களை ஒரு கம்ப்யூட்டருக்குள் போட்டு, அது சொன்ன முடிவுகளை ரேடியோவில் நேர்முக வர்ணனை மாதிரியே ஒலிபரப்பினார். கடைசியில் ஜெயித்தவர் ராக்கி மார்சியானோ. 1952 முதல் 1956 வரை சாம்பியனாக இருந்தவர். 49 சண்டை, 49 வெற்றி, அதில் 43 நாக் அவுட். அடேங்கப்பா!

முகமது அலியோ காலிறுதியிலேயே ‘தோற்றுப்போனார்’. அதுவும் 1899-ல் பட்டம் வென்ற ஜிம் ஜெஃப்ரீஸிடம்! அலிக்குக் கோபம் வந்து, மானநஷ்டம் என்று 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது என் கருத்து. வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று சொன்னதற்காக அதே 1967-ல்தான் அவர் பட்டத்தையும் லைசென்ஸையும் பிடுங்கியிருந்தார்கள். நிஜ மேடையில் ஏற விடவில்லை. கற்பனை மேடையிலும் தோற்கடித்தால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

வழக்கு சமாதானத்தில் முடிந்தது. அலியும் மார்சியானோவும் சேர்ந்து ஒரு படத்தில் சண்டை போடுவது என்று ஏற்பாடு. 1969-ல் மியாமியில் படப்பிடிப்பு நடந்தது. மார்சியானோ ஓய்வு பெற்று 13 வருஷம் ஆகியிருந்தது. அவர் சுமார் 20 கிலோ எடையைக் குறைத்து, வழுக்கையை மறைக்க விக் வைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு நிமிஷமாக எழுபதுக்கும் மேற்பட்ட ரவுண்டுகள் எடுத்தார்கள். முடிவு மட்டும் பல விதமாகப் படமாக்கப்பட்டது. எது உண்மையான முடிவு என்று நடித்த இருவருக்குமே சொல்லவில்லை!

1969 ஆகஸ்ட் 31 அன்று மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். மறுநாள் அவருக்கு 46-வது பிறந்தநாள். தான் ஜெயித்தோமா என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. 1970 ஜனவரியில் படம் வந்தபோது 13-வது ரவுண்டில் அலி நாக் அவுட் ஆகி விழுந்தார். ஐரோப்பாவில் காட்டிய படத்திலோ மார்சியானோ முகத்தில் வெட்டுக்காயம் பட்டு, ஜெயித்தது அலி! அந்தக் கம்ப்யூட்டரை அலபாமாவில் செய்திருப்பார்கள் என்று அலி கிண்டலடித்தாராம். கறுப்பின மக்களைக் கொடுமைப்படுத்தியதில் பேர் வாங்கிய மாநிலம் அது.

(இடையில் ஒரு தகவல்: அலி இல்லாத காலத்தில் உலகப் பட்டத்தின் ஒரு பிரிவை வைத்திருந்தவர் ஜிம்மி எல்லிஸ். 1980-ல் இவரும் அலியும் நம்ம சென்னைக்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடினார்கள்.)

சரி, கம்ப்யூட்டர் எங்கே தடுமாறுகிறது? விதியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பட்டப் போட்டி 15 ரவுண்டு. 1982-ல் தென்கொரியாவின் கிம் டுக் கூ என்ற லைட்வெயிட் வீரர் 14-வது ரவுண்டில் விழுந்து, சில நாட்களில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் 12 ரவுண்டாகக் குறைத்தார்கள். இப்போது 1952-க்குப் போவோம். மார்சியானோ பட்டம் வென்ற அந்தச் சண்டையில் 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் சீட்டிலும் முன்னால் இருந்தவர் ஜெர்சி ஜோ வால்காட்! 13-வது ரவுண்டில்தான் மார்சியானோவின் வலது கை விழுந்தது. 12 ரவுண்டு விதி அப்போது இருந்திருந்தால் 49-0 என்ற கணக்கே கிடையாது. 1941-ல் ஜோ லூயிஸ் பில்லி கானை வீழ்த்தியதும் 13-வது ரவுண்டில்தான். அதுவரை அவரும் புள்ளிகளில் பின்தங்கியே இருந்தார். ஆகவே ‘யார் ஜெயிப்பார்’ என்று கேட்பதற்கு முன்னால், ‘எந்த வருஷத்து விதிப்படி’ என்று கேட்க வேண்டும்.

அடுத்தது உடம்பு. மார்சியானோ சுமார் 84 கிலோதான். இன்றைக்கு என்றால் அவர் ஹெவிவெயிட்டே இல்லை, அதற்குக் கீழே உள்ள குரூஸர்வெயிட்! அப்போ பெரிய ஆள்தான் ஜெயிப்பாரா? அதுவும் இல்லை. 2024 மே மாதம், குரூஸர்வெயிட்டிலிருந்து மேலே வந்த ஆறடி மூன்றங்குல உசிக், ஆறடி ஒன்பதங்குல டைசன் ஃபியூரியைப் புள்ளிகளில் ஜெயித்தார்.

கணக்கு சார் மன்னிக்க வேண்டும், A > B, B > C என்றால் A > C என்ற விதியும் இங்கே செல்லாது. 1971-ல் ஃப்ரேஸியர் அலியை ஜெயித்தார். 1973-ல் ஃபோர்மேன் அதே ஃப்ரேஸியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை கீழே தள்ளினார். அப்போ ஃபோர்மேனுக்கு முன்னால் அலி தூள் தூள்தானே? 1974-ல் ஜயர் நாட்டின் கின்ஷாசாவில் 8-வது ரவுண்டில் விழுந்தவர் ஃபோர்மேன்! முன்னால் பாய்ந்து வருகிறவர் ஃபோர்மேனுக்கு வசதி. கயிற்றில் சாய்ந்து அவரைக் களைக்க வைக்கிறவர் வசதி இல்லை. பாணிக்குப் பாணி பொருத்தம் மாறுகிறது.

நிஜமாகவே காலத்தைத் தாண்டி வந்த ஆள் என்றால் அதுவும் ஃபோர்மேன்தான். நடுவில் 10 வருஷம் சண்டையே போடாமல் மதப் பிரசங்கம் செய்தவர். 1994-ல் 45 வயதில், கின்ஷாசாவில் போட்ட அதே சிவப்பு டிரவுசரோடு வந்தார். 26 வயது சாம்பியன் மைக்கேல் மூரரிடம் ஒன்பது ரவுண்டு அடி வாங்கி, பத்தாவதில் ஒரே வலது குத்தில் படுக்க வைத்தார். ‘பழைய ஆட்கள் இன்றைக்கு நிற்க மாட்டார்கள்’ என்று சொல்கிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவும்.

என் தீர்ப்பைக் கேட்டால், 1967 அலிக்கும் மார்சியானோவுக்கும் நடந்தால் அலிதான். கை நீளத்தில் சுமார் 25 சென்டிமீட்டர் வித்தியாசம். மார்சியானோவின் தோல் வேறு சீக்கிரம் கிழியும். 1954-ல் எஸ்ஸார்டு சார்லஸ் அவர் மூக்கையே பிளந்துவிட்டார், அப்படியும் மார்சியானோதான் ஜெயித்தார். ஆனால் இன்றைய டாக்டர் அந்த மூக்கைப் பார்த்திருந்தால் சண்டையை நிறுத்தியிருக்கலாம். அதனால் என் ஓட்டு ஐரோப்பாவில் காட்டிய முடிவுக்கு. ஜோ லூயிஸ், மைக் டைசன் இருவரில் முதல் நான்கு ரவுண்டுக்குள் என்றால் டைசன், அதைத் தாண்டினால் லூயிஸ்.

மறுப்பு இருப்பவர்கள் இந்தத் தாளின் ஓரத்தில் எழுதலாம். பென்சிலால் மட்டும்!

– 11-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்